தகடு வளைக்கும் மெஷினைத் தேர்ந்தெடுப்பது எப்படி?



‘ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?’ என்று நம்மைப் பார்த்துப் பெரியவர்கள் அடிக்கடி சொல்வார்கள். இரும்பைப் பொறுத்தவரை இந்தப் பழமொழி செல்லாது. அது எந்த வயதிலும் வளையும். ஆனால் அதற்கேற்ற மெஷின் வேண்டும்! அந்த மெஷினை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதுதான் இந்தக் கட்டுரை.

“இது நமக்கு எதுக்கு? பாடத்துலயா வருது?” என்று நினைக்காதீர்கள். கொஞ்சம் இயற்பியல், கொஞ்சம் கணக்கு, கொஞ்சம் குடும்பக் கஷ்டம் மூன்றும் இதில் இருக்கிறது. நம் பள்ளியில் படிக்கும் பலருடைய வீட்டில் யாராவது ஒருவர் கிரில் பட்டறையிலோ, பீரோ பட்டறையிலோ, லாரி பாடி கட்டும் இடத்திலோ வேலை பார்ப்பார். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். எங்க அப்பாவும் சித்தப்பாவும் சேர்ந்து பேட்டை பக்கம் பட்டறை வைத்திருக்கிறார்கள். பீரோ, கேட், அரிசி ஆலைக்குத் தேவையான தகடு வேலை எல்லாம் செய்வார்கள். இப்போது கடன் வாங்கி ஒரு பெண்டிங் மெஷின் வாங்கலாம் என்று பேச்சு நடக்கிறது.

நமது ஆறும் இரும்பும்

தாமிரபரணிக் கரைக்கு இரும்பு புதிது இல்லை. ஆதிச்சநல்லூரில் நூறு வருஷத்துக்கு முன்பே தோண்டி இரும்புக் கருவிகளை எடுத்திருக்கிறார்கள். அதற்குப் பக்கத்தில் உள்ள சிவகளையில் கிடைத்தவற்றை வைத்து, தமிழ் மண்ணில் சுமார் 5300 ஆண்டுகளுக்கு முன்பே இரும்பு இருந்தது என்று 2025 ஜனவரியில் வெளியான ‘இரும்பின் தொன்மை’ என்ற தமிழக அரசின் அறிக்கை சொல்கிறது.

அன்றைக்கு நெருப்பில் காய்ச்சிச் சுத்தியலால் அடித்து வளைத்தார்கள். இன்றைக்குப் பெரும்பாலும் காய்ச்சாமலே வளைக்கிறார்கள். பாபநாசத்தில் 1944-ல் தொடங்கிய நீர்மின் நிலையத்துக்கு மலையிலிருந்து தண்ணீர் இறங்கி வரும் பெரிய இரும்புக் குழாயைப் பார்த்திருப்பீர்கள். கயத்தாறு வழியாகப் பஸ்ஸில் போகும்போது காற்றாலைக் கோபுரங்களைப் பார்த்திருப்பீர்கள். அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சிப் பக்கம் அரிசி ஆலைகளில் நெல் அவிக்கிற தொட்டிகளும், நெல் இறங்குகிற தகட்டுப் புனல்களும் இருக்கின்றன. நம் வீட்டு பீரோவும் இருக்கிறது. எல்லாமே முதலில் தட்டையான தகடுதான்! யாரோ ஒருவர் அதை வளைத்திருக்கிறார்.

தகடு வளையும்போது உள்ளே என்ன நடக்கிறது?

ஒரு தகட்டை வளைத்தால் வெளிப்பக்கம் இழுபடும். உள்பக்கம் நெருங்கும். நடுவில் ஓர் அடுக்கு மட்டும் நீளவும் செய்யாது, சுருங்கவும் செய்யாது. அதன் பெயர் நடுநிலை அடுக்கு. பள்ளிக்கூடத்து அழிரப்பரின் பக்கவாட்டில் பேனாவால் நேர்கோடுகள் போட்டு வளைத்துப் பாருங்கள். வெளிப்பக்கம் கோடுகள் விலகும், உள்பக்கம் நெருங்கும்.

கொஞ்சமாக வளைத்தால் கையை எடுத்ததும் தகடு பழையபடி நிமிர்ந்துவிடும். இதுதான் மீட்சிப் பண்பு. 11-ஆம் வகுப்பு இயற்பியலில் வருகிறது. மீட்சி எல்லையைத் தாண்டி வளைத்தால்தான் வளைந்தது வளைந்தபடி நிற்கும். அப்போதும்கூட கொஞ்சம் பின்வாங்கும். இதைப் பட்டறையில் ‘ஸ்பிரிங் பேக்’ என்பார்கள். அதனால்தான் சரியாக 90 டிகிரி வேண்டுமென்றால் 88, 89 டிகிரிக்கு அமுக்கி விடுகிறார்கள். கையை விட்டதும் அது 90-க்கு வந்து நிற்கும்.

ஒரு தடவை வளைத்து நிமிர்த்திய இடத்திலேயே மறுபடியும் வளைத்தால் அந்த இடம் இறுகிப்போய் விரிசல் விடும். பட்டறையில் தப்பாக வளைத்த தகடு பெரும்பாலும் பழைய இரும்புக் கடைக்குத்தான் போகும்.

மெஷின்களில் எத்தனை வகை?

வேண்டிய வடிவத்தைப் பொறுத்து மூன்று குடும்பமாகப் பிரிக்கலாம்.

1. கோணமாக மடக்குவது: பீரோ, மின்சாரப் பெட்டி, கதவு, புனல் எல்லாம் இதில் வரும். மெல்லிய தகட்டுக்குக் கையால் மடக்கும் ஃபோல்டிங் மெஷின் போதும். தடித்த தகட்டுக்கு ‘பிரஸ் பிரேக்’ வேண்டும். கீழே ‘வி’ வடிவப் பள்ளம் உள்ள டை இருக்கும். மேலே கத்தி மாதிரி நீளமான பஞ்ச் இருக்கும். நடுவில் தகட்டை வைத்து அமுக்கினால் மடங்கிவிடும்.

2. உருளையாகச் சுருட்டுவது: தொட்டி, பெரிய குழாய், புகைபோக்கி, காற்றாலைக் கோபுரம் இந்த வகை. கரும்பு ஜூஸ் மெஷின் மாதிரி மூன்று உருளைகள் இருக்கும். அதன் பெயர் ‘பிளேட் ரோலிங் மெஷின்’. மூன்று உருளை மெஷினில் தகட்டின் ஓரம் வளையாமல் கொஞ்சம் தட்டையாக நிற்கும். அதை முன்கூட்டியே வளைத்துக்கொள்ள வேண்டும். நான்கு உருளை மெஷின் ஓரத்தையும் சேர்த்து வளைக்கும், ஆனால் விலை அதிகம். கொதிகலன் செய்யும் திருச்சி பெல் ஆலையிலும், அதை நம்பித் துவாக்குடியில் உள்ள பட்டறைகளிலும் இந்த வேலைதான் பெரிது.

3. குழாய், பட்டை, ஆங்கிள் வளைப்பது: மாடிப்படிக் கைப்பிடி, பந்தல் வளைவு, கிரில் டிசைன் முதலியன. குழாயை மிகவும் இறுக்கி வளைத்தால் ஸ்ட்ரா மாதிரி நசுங்கிவிடும். ஆகவே குழாயின் வெளிவிட்டத்துக்கு ஏற்ற அச்சு வேண்டும்.

ஒரு குடும்பத்து மெஷின் இன்னொரு குடும்பத்து வேலையை ஒழுங்காகச் செய்யாது. பிரஸ் பிரேக்கில் கொஞ்சம் கொஞ்சமாக அமுக்கி ஒரு தொட்டியை உருட்டிவிடலாம்தான். ஆனால் ரோலிங் மெஷினில் சீக்கிரம் முடிகிற வேலைக்கு ஒரு பகல் போய்விடும். ஆகவே முதல் கேள்வி ‘எந்தக் கம்பெனி?’ என்பது அல்ல. ‘என்ன வடிவம்?’ என்பதுதான்.

கணக்கு இல்லாமல் மெஷின் இல்லை

பிரஸ் பிரேக்கை ‘40 டன்’, ‘80 டன்’, ‘100 டன்’ என்று சொல்வார்கள். அது மெஷினின் எடை அல்ல! அது அமுக்குகிற பலம். நமக்கு எத்தனை டன் வேண்டும் என்று கண்டுபிடிக்க ஒரு சூத்திரம் இருக்கிறது. சாதாரண இரும்புத் தகட்டுக்கு:

பலம் (டன்) = 65 × தடிமன் × தடிமன் × நீளம் ÷ பள்ளத்தின் அகலம்

தடிமனையும் பள்ளத்தின் அகலத்தையும் மில்லிமீட்டரிலும், மடிக்க வேண்டிய நீளத்தை மீட்டரிலும் போட வேண்டும். பள்ளத்தின் அகலம் பொதுவாகத் தகட்டின் தடிமனைப் போல் 8 மடங்கு. எவர்சில்வர் என்றால் வரும் விடையை ஒன்றரையால் பெருக்கிக்கொள்ளுங்கள். மெதுவான அலுமினியம் என்றால் பாதியே போதும்.

இதில் தடிமன் இரண்டு முறை பெருக்கப்படுகிறதைக் கவனித்தீர்களா? ஒரே பள்ளத்தில் வைத்து இரண்டு மடங்கு தடித்த தகட்டை மடக்கினால் இரண்டு மடங்கு பலம் போதாது. நான்கு மடங்கு வேண்டும்! “கொஞ்சம் தடிப்பாத்தான இருக்கு, போட்டு அமுக்கு” என்று சொல்லும் இடத்தில்தான் டை உடைகிறது.

இனி மூன்று கணக்கு பார்ப்போம்.

அ) பீரோ: 20 கேஜ் தகடு, தடிமன் 0.9 மி.மீ. நீளம் ஆறரை அடி, அதாவது சுமார் 2 மீட்டர். பள்ளம் 8 மி.மீ. விடை சுமார் 13 டன்.

ஆ) அரிசி ஆலைப் புனல்: 3 மி.மீ. தகடு, நீளம் 2.5 மீட்டர், பள்ளம் 24 மி.மீ. விடை சுமார் 61 டன்.

இ) லாரிக்கான தகடு: 6 மி.மீ., நீளம் அதே 2.5 மீட்டர், பள்ளம் 48 மி.மீ. விடை சுமார் 122 டன்.

மெஷினை எப்போதும் முழுப் பலத்துக்கும் ஓட்டக் கூடாது. கால் பங்காவது கூடுதலாக வைத்துக்கொள்ள வேண்டும்.

உங்களுக்குத் தெரியுமா? கேஜ் எண் கூடக் கூடத் தகடு மெலிந்துகொண்டே போகும்! 18 கேஜ் சுமார் 1.2 மி.மீ.; 20 கேஜ் சுமார் 0.9 மி.மீ.; 22 கேஜ் சுமார் 0.7 மி.மீ. பீரோ வாங்கும்போது “22 கேஜ், பெரிய நம்பர்” என்று யாராவது சொன்னால் ஏமாறாதீர்கள்.

பில் நோட்டில் இருக்கிறது பதில்

எங்கள் வீட்டுக்கு வருகிறேன். சித்தப்பாவுக்குப் பெரிய மெஷின் மேல் ஆசை. “அண்ணே, வாங்குறதுதான் வாங்குதோம், 150 டன்னா வாங்கிருவோம். எந்த வேலை வந்தாலும் திருப்பி அனுப்பாண்டாம்லா?” என்றார். அப்பா, “ஏல, மெஷின் பெரிசானா வட்டியும் பெரிசாத்தாம்ல இருக்கும். வீட்டுப் பத்திரத்த வச்சுல்லா கடன் வாங்கப் போறோம்” என்றார். இரண்டு நாளாக இரண்டு பேரும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. ஆச்சிக்கு ஒரே கவலை.

நான் பட்டறையின் ஒரு வருஷத்துப் பில் நோட்டுகளை எடுத்து உட்கார்ந்தேன். ஒவ்வொரு வேலைக்கும் தடிமன், நீளம், எத்தனை மடிப்பு என்று கட்டம் போட்டு எழுதினேன். பாதிக்கு மேல் 18, 20 கேஜ் வேலை. அடுத்து 2, 3 மி.மீ. தகடு. 6 மி.மீ. நீளத் தகடு அந்த வருஷம் முழுக்க நாலே தடவைதான் வந்திருந்தது. அந்த நாலு தடவையும் வெளியே கூலிக்குக் கொடுத்து மடக்கியிருக்கிறார்கள். அந்தக் கூலியைக் கூட்டிப் பார்த்தால், பெரிய மெஷினுக்குக் கூடுதலாகக் கட்ட வேண்டிய இரண்டு மாத வட்டிகூட வரவில்லை.

ஆக, எங்களுக்கு வேண்டியது 61 டன். அதோடு கால் பங்கு சேர்த்தால் 76. எனவே 80 டன், 2.5 மீட்டர் மெஷின் போதும். 6 மி.மீ. தகட்டையும் அடியோடு விட வேண்டியதில்லை. ஒரு மீட்டர் நீளத்துக்கு 49 டன்தான் ஆகிறது. அதற்கான அகலப் பள்ள டை இருந்தால் சின்னத் துண்டுகளை அதிலேயே மடக்கலாம். நீளமானதை மட்டும் வெளியே அனுப்பலாம்.

சித்தப்பா நோட்டை இரண்டு தடவை பார்த்தார். “சரிதாம் மக்கா. ஆனா நாளைக்குப் பெரிய ஆர்டர் வந்தா?” என்றார். நியாயமான கேள்விதான்! வரப்போகிறது என்று நம்பும் வேலைக்கும், கையில் ஆர்டராக இருக்கும் வேலைக்கும் வித்தியாசம் உண்டு. ஆர்டர் எழுத்தில் இருந்தால் அதையும் கணக்கில் சேர்க்கலாம். வெறும் பேச்சாக இருந்தால் சேர்க்கக் கூடாது. ஒரு மணி நேரம்தான் மெஷின் ஓடியது என்றாலும் வட்டி 24 மணி நேரமும் ஓடும். மெஷினை மெஷின் கடையில் தேர்ந்தெடுக்கக் கூடாது, பில் நோட்டில் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதுதான் நான் கற்றுக்கொண்டது.

விரலும் முக்கியம்

விலையைப் பார்த்த பிறகு பலர் மறந்துவிடும் விஷயம் இது. எங்கள் தெருவில் ஓர் அண்ணன் இருக்கிறார். வெளியூரில் ஒரு பட்டறையில் வேலை பார்த்தபோது பழைய மெஷினில் கை மாட்டி, வலது கையில் இரண்டு விரல்கள் போய்விட்டன. இப்போது சட்டைப் பொத்தான் போடக்கூட இடது கையைத்தான் பழக்கியிருக்கிறார்.

பழைய மெக்கானிக்கல் பிரஸ் பிரேக்கில் பெரிய ஃப்ளைவீல் சுற்றிக்கொண்டே இருக்கும். பெடலை மிதித்ததும் பஞ்ச் இறங்கும். அந்தக் காலத்துக் கிளட்ச் உள்ளவற்றில் இறங்க ஆரம்பித்தால் பாதியில் நிறுத்த முடியாது. ஒரு முழுச் சுற்று முடிந்தால்தான் நிற்கும். ஹைட்ராலிக் மெஷின் எண்ணெய் அழுத்தத்தில் இயங்குவதால் நடுவழியில் நிறுத்தலாம், மெதுவாகவும் இறக்கலாம். வேகம் கொஞ்சம் குறைவுதான். ஆனாலும் சின்னப் பட்டறைக்கு அதுவே நல்லது.

இவற்றையும் பார்க்க வேண்டும்:

* பெடலுக்கு மூடி இருக்கிறதா? மேலிருந்து ஏதாவது விழுந்து தானாக அமுங்கக் கூடாது.
* அவசரத்துக்கு நிறுத்தும் சிவப்புப் பொத்தான் வேலை செய்கிறதா?
* கை குறுக்கே வந்தால் நிறுத்தும் ஒளித்திரை உள்ளதா? இல்லையென்றால் பிறகு பொருத்த வசதி உண்டா?
* தகட்டின் அளவை நிறுத்தும் பேக் கேஜ் இருக்கிறதா? அது இருந்தால் உள்ளே கையை விட்டு அளக்கும் தேவை குறையும்.

ஆபத்தான மெஷின் பாகங்களுக்குத் தடுப்பு போட வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் 21-ஆம் பிரிவிலேயே சொல்லிவிட்டார்கள். “தடுப்பு போட்டா வேலை ஓடாது” என்று அதைக் கழற்றி மூலையில் வைத்துவிடுவதை எங்கேயும் பார்க்கலாம். விரல் போனால் வேலை ஓடுமா என்று யாரும் கேட்பதில்லை.

பழைய மெஷின் வாங்கலாமா?

வாங்கலாம், சோதித்துப் பார்த்து வாங்கலாம். ராஜ்கோட், பட்டாலா, கோயம்புத்தூர் போன்ற ஊர்களில் செய்த மெஷின்கள் கைமாறி நம் பக்கம் வருகின்றன. பெயிண்ட் அடித்துப் புதுசு மாதிரி இருக்கும். பார்க்க வேண்டியது பெயிண்டை அல்ல.

முதலில் ஒரே தகட்டிலிருந்து ஒரே அளவில் மூன்று துண்டு வெட்டிக்கொண்டு போங்கள். மெஷினின் இடது ஓரம், நடு, வலது ஓரம் என்று மூன்று இடத்தில் மடக்கி, மூலைமட்டம் வைத்துப் பாருங்கள். மூன்றும் ஒரே கோணமாக இருக்க வேண்டும். அடுத்து முழு நீளத் தகடு ஒன்றை மடக்குங்கள். ஓரங்கள் சரியாக இருந்து நடுவில் மட்டும் கோணம் விரிந்திருந்தால், பாரத்தில் மெஷினின் படுகை நடுவில் தொய்கிறது என்று அர்த்தம். மோட்டாரை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் பொறுத்துப் பாருங்கள். மேல் பகுதி தானாகக் கீழே இறங்கினால் சிலிண்டரிலோ வால்விலோ கசிவு இருக்கும். அப்படிப்பட்டதை விட்டுவிடுவதே நல்லது. மின் இணைப்பின் குதிரைசக்தி போதுமா, தரையின் கான்கிரீட் தாங்குமா, பட்டறை வாசல் வழியாக மெஷின் உள்ளே நுழையுமா என்பதையும் முன்கூட்டியே பார்க்க வேண்டும். கடன், மானியம் பற்றி மாவட்டத் தொழில் மையத்தில் கேட்கலாம். புரோக்கரிடம் கேட்க வேண்டாம்!

22/7-ன் மதிப்பு என்ன?

“பை படிச்சு என்ன பிரயோஜனம்?” என்று கேட்கும் நண்பர்களுக்காக இது. வெளிவிட்டம் 1000 மி.மீ. உள்ள ஒரு தொட்டியை 6 மி.மீ. தகட்டில் செய்ய வேண்டும். எவ்வளவு நீளத் தகடு வெட்டுவது? வெளிவிட்டத்தை 22/7-ஆல் பெருக்கினால் சுமார் 3143 மி.மீ. வரும். உள்விட்டமான 988-ஐப் பெருக்கினால் சுமார் 3105 வரும். எது சரி? இரண்டுமே இல்லை! நீளாமலும் சுருங்காமலும் இருக்கிற அந்த நடு அடுக்கைத்தான் எடுக்க வேண்டும். அதன் விட்டம் 994. விடை 3124 மி.மீ. வெளிவிட்டத்தை வைத்து வெட்டியிருந்தால் 19 மி.மீ. மிஞ்சும். உள்விட்டத்தை வைத்து வெட்டியிருந்தால் 19 மி.மீ. இடைவெளி விழும். அந்த இடைவெளியை வெல்டிங் வைத்து அடைத்தால் ஆலைக்காரர், “என்ன அண்ணாச்சி, புதுத் தொட்டிக்கு ஒட்டுப்போட்டுக் கொண்டாந்திருக்கீய?” என்று கேட்பார்.

ஆகவே நண்பர்களே! உங்கள் வீட்டிலோ சொந்தத்திலோ யாராவது வளைக்கும் மெஷின் வாங்கப் போகிறார்களா? இந்த ஆறு கேள்விகளை அவர்களிடம் கேளுங்கள். என்ன வடிவம்? என்ன உலோகம்? எவ்வளவு தடிமன்? எவ்வளவு நீளம்? மாதத்துக்கு எத்தனை? கைக்கு என்ன பாதுகாப்பு? ஆறுக்கும் பதில் எழுதி முடிக்கும்போது எந்த மெஷின் என்பது தானாகவே தெரிந்துவிடும்.

யோசித்துப் பாருங்கள்: 2 மி.மீ. இரும்புத் தகடு, நீளம் ஒன்றரை மீட்டர், பள்ளம் 16 மி.மீ. எத்தனை டன் பலம் வேண்டும்? அதே அளவு எவர்சில்வர் தகடாக இருந்தால் எத்தனை டன்? விடையைத் தாளில் எழுதி, பெயர், வகுப்போடு இந்தப் பலகைக்குக் கீழே உள்ள பெட்டியில் போடுங்கள். சரியான விடை அடுத்த இதழில்!

– 11-ஆம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி